கட்டாத டிராஃபிக் டிக்கெட்டும் தவறிய கோர்ட் தேதியும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான காலக்கெடு வழிகாட்டி

அமெரிக்காவில் கார் ஓட்டத் தொடங்கும் நம்மவர்களில் பலருக்கு, வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு டிராஃபிக் டிக்கெட்டாவது கைக்கு வந்துவிடுகிறது. வீடு மாறும் அவசரத்திலோ ஊருக்குப் போய்வரும் பயணத்தின் இடையிலோ அந்தத் தாள் எங்கோ செருகப்பட்டு மறந்துபோகிறது. நினைவு வரும்போது கோர்ட் தேதி கடந்திருக்கும். அப்போது விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், "ஒரு வருஷம் போகட்டும், அதுக்கப்புறம் கேஸ் செல்லாது" என்று ஆறுதல் சொல்வார். அதை நம்பிப் பேசாமல் இருந்தவர்கள், லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்திலோ, வேறொரு சிறு காரணத்துக்காகப் போலீஸ் வண்டியை நிறுத்திய இடத்திலோதான் உண்மையை அறிகிறார்கள். சட்டத்தில் காலவரம்பு இருப்பது உண்மையே. ஆனால் அது யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்தச் செயலோடு முடிந்துபோகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதன் மேல் நம்பிக்கை வைப்பது ஆபத்தானது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், கீழே வரும் எண்களை உங்கள் டிக்கெட்டை வழங்கிய மாநிலத்தோடு பொருத்திப் பார்த்தே பயன்படுத்துங்கள்.

முதல் படி: தாளையும் தேதியையும் சரியாகப் படித்தல்

டிக்கெட்டில் அச்சிட்ட தேதியை நாம் பிழையாகப் படிப்பதே கோர்ட் தேதி தவறுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும், நாள் பின்னால் வரும். 07/08 என்று எழுதியிருந்தால் அது ஜூலை 8. நம் பழக்கத்தில் அதை ஆகஸ்ட் 7 என்று படித்தவர், கோர்ட் தேதி கடந்து ஒரு மாதம் ஆனபின் குளித்துத் தயாராகிக் கோர்ட்டுக்குப் போய் நிற்பார். ஆகவே டிக்கெட் கைக்கு வந்த அன்றே தேதியை எழுத்தால் எழுதி, நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தாள் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். பார்க்கிங் டிக்கெட் பெரும்பாலும் சிவில் அபராதம். வேகம், சிக்னல் மீறல் போன்றவை பல மாநிலங்களில் சிறு விதிமீறலாகக் கருதப்படும். அவற்றுக்குச் சிறை கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. டெக்சஸில் சாதாரண வேக டிக்கெட்டே அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய சி வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது கீழ்நிலைக் குற்றவியல் வழக்கு. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலுக்கு மேல் ஓட்டினாலோ, அனுமதித்த வேகத்தைவிட 20 மைல் கூடுதலாக ஓட்டினாலோ அது ரெக்லஸ் டிரைவிங், அதாவது பொறுப்பற்று ஓட்டுதல். ஓராண்டுச் சிறையும் 2,500 டாலர் அபராதமும் வரை விதிக்கத்தக்க குற்றம். இப்படிப்பட்ட தாளை வெறும் வேக டிக்கெட் என்று நினைத்து இணையத்தில் பணம் கட்டும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கட்டாயம் ஆஜராக வேண்டும் என்று தாளில் குறித்திருந்தால், பணம் கட்டி முடிக்கும் வழி அங்கே இல்லை என்று பொருள்.

போலீஸ் அதிகாரி உங்களிடம் வாங்கும் கையொப்பம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. குறித்த தேதிக்குள் ஆஜராவேன் என்று நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி அது. பின்னால் வரும் சிக்கல்களுக்கெல்லாம் வேர் இந்த வாக்குறுதியில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: எந்தக் கெடு யாருக்கானது என்று பிரித்தறிதல்

ஒரே டிக்கெட்டின் மேல் பல கெடுக்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நண்பர் சொன்ன "ஒரு வருஷம்" இவற்றில் முதலாவது. அது அரசுத் தரப்புக்கு விதித்த கெடு. குற்றம் நடந்த நாளிலிருந்து இத்தனை காலத்துக்குள் அரசு வழக்கைத் தொடங்கியாக வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். கலிஃபோர்னியாவில் சிறு விதிமீறலுக்கும் பெரும்பாலான மிஸ்டிமீனர்களுக்கும் இது ஓராண்டு. நியூயார்க்கில் டிராஃபிக் விதிமீறலுக்கு ஓராண்டு, மிஸ்டிமீனருக்கு இரண்டு ஆண்டுகள். டெக்சஸில் மிஸ்டிமீனருக்கு இரண்டு ஆண்டுகள். நியூஜெர்சியில் பெரும்பாலான மோட்டார் வாகன விதிமீறல்களுக்கு வெறும் 30 நாட்கள்.

இந்த எண்களைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரி எழுதிய டிக்கெட் கோர்ட்டில் பதிவாகிவிட்டால் வழக்கு தொடங்கிவிட்டது. அதோடு அந்தக் கெடுவின் வேலையும் முடிந்துவிட்டது. வழக்கமாக இது சில நாட்களிலோ சில வாரங்களிலோ நடந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ஐந்து ஆண்டுகள் வராமல் இருந்தாலும், பத்து ஆண்டுகள் வேறு மாநிலத்தில் வாழ்ந்தாலும், அந்தக் காலம் உங்கள் கணக்கில் வரவாகச் சேராது. கோர்ட்டில் நிலுவையிலுள்ள டிக்கெட் தானாகக் காலாவதியாவதில்லை.

இரண்டாவது கெடு உங்களுக்கானது. டிக்கெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு. மாசசூசெட்ஸில் 20 நாட்கள், ஃபுளோரிடாவில் 30 நாட்கள், நியூயார்க் நகரில் போக்குவரத்து விதிமீறல் பணியகம் விசாரிக்கும் டிக்கெட்டுகளுக்கு 15 நாட்கள். இதற்குள் பணம் கட்டலாம், மறுத்து விசாரணை கேட்கலாம், சில மாநிலங்களில் ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். பணம் கட்டுவது பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதையும், அதனால் லைசென்ஸில் புள்ளிகள் ஏறி இன்சூரன்ஸ் கட்டணம் உயரக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

மூன்றாவது, விரைவான விசாரணைக்கான உரிமை. அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் குற்றவியல் வழக்குகளில் இதை உறுதி செய்கிறது. எத்தனை நாள் என்று அதில் எண் கிடையாது. 1972இல் பார்க்கர் எதிர் விங்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தாமதத்தின் நீளம், அதன் காரணம், குற்றம் சாட்டப்பட்டவர் தம் உரிமையைக் கோரினாரா என்பது, அவருக்கு நேர்ந்த பாதிப்பு ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்றது. 1992இல் டாகெட் வழக்கில், குற்றப்பத்திரிகை பதிவானது தெரியாமல் வெளிப்படையாக வாழ்ந்து வந்த ஒருவரை எட்டரை ஆண்டுகள் கழித்துக் கைது செய்ததை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1985இல் செர்னா வழக்கில், மிஸ்டிமீனர் குற்றச்சாட்டுக்குப் பின் ஓராண்டைத் தாண்டும் தாமதமே பாதிப்பு நேர்ந்ததாக அனுமானிக்கப் போதுமானது என்றது. பழைய வாரண்ட், அதாவது கைது ஆணை, நிலுவையில் இருப்பவர்களுக்கு வழக்கறிஞர்கள் எடுத்துவைக்கும் உண்மையான வாதம் இதுதான். ஆனால் டிக்கெட்டில் கையொப்பமிட்டு, தேதியும் தெரிந்து, வராமல் இருந்தவருக்கு இந்த வாதம் வலுவிழந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் யார் என்ற கேள்வியில் விரல் அவரை நோக்கியே திரும்பும்.

கோர்ட்டுக்கு வராமல் இருப்பதே தனிக் குற்றமாக மாறுவதுதான் இவை எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் 40508ஆம் பிரிவின்படி, கையொப்பமிட்ட வாக்குறுதியை வேண்டுமென்றே மீறி ஆஜராகாமல் இருப்பது மிஸ்டிமீனர். மூல டிக்கெட் தள்ளுபடியானாலும்கூட இந்தக் குற்றச்சாட்டு தனியாக நிற்கும். சிறைக்கே இடமில்லாத ஒரு சிறு விதிமீறல், ஒரு தேதி தவறியதால் குற்றவியல் வழக்காகிவிடுகிறது. இதன்பேரில் நீதிபதி பெஞ்ச் வாரண்ட் (வராதவரைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆணை) பிறப்பித்தால், திரும்பப் பெறும் வரையோ நிறைவேற்றும் வரையோ அது பொதுவாக உயிரோடுதான் இருக்கும். ஆண்டுகள் கழிந்ததால் அது அணைந்துவிட்டது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் படி: வழக்கு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தல்

தேதி தவறிவிட்டது என்று தெரிந்த அன்றே டிக்கெட் வழங்கப்பட்ட கவுண்டி அல்லது நகர நீதிமன்றத்தின் இணையதளத்தில் தேடுங்கள். டிக்கெட் எண் இருந்தால் எளிது. இல்லையென்றால் பெயரும் பிறந்த தேதியும் கொண்டு தேட வேண்டும், அங்கேதான் தமிழ்ப் பெயர்கள் தொல்லை தருகின்றன. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களின் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும், சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், சிலருக்கு முன்னெழுத்து விட்டுப்போயிருக்கும். அதிகாரி எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினாரோ அந்த வடிவத்தில்தான் வழக்கு பதிவாகியிருக்கும். ஆகவே பெயரை முன்பின்னாக மாற்றியும், எழுத்துக்கூட்டலை மாற்றியும் எல்லா வடிவங்களிலும் தேடிப் பாருங்கள். ஒரு வடிவத்தில் கிடைக்கவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எதுவும் கிடைக்கவில்லையென்றால் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அதிகாரி டிக்கெட்டைக் கோர்ட்டில் சமர்ப்பிக்காமலே விட்டுவிடுவதும் எப்போதாவது நடக்கிறது. முதல் கெடு உங்களுக்கு உதவக்கூடிய நிலை இதுதான். ஆனாலும் தாளில் எழுதிய தேதி இன்னும் வராவிட்டால் அன்று நேரில் சென்று, நீங்கள் வந்ததையும் வழக்கு பதிவாகவில்லை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

வாரண்ட் இருக்கிறதா என்று அறிய நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். வாரண்டைக் கண்டால் கைது செய்வது அவர்கள் கடமை. எழுத்தர் அலுவலகம் அல்லது வழக்கறிஞர் வழியாகக் கேட்பதே நல்லது. மோட்டார் வாகனத் துறையிடமிருந்து உங்கள் ஓட்டுநர் பதிவின் நகலையும் அதே நாளில் கேட்டுப் பெறுங்கள். லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்தால் அதில் தெரியும். முடக்கம் என்று தெரிந்தால், தீரும் வரை வண்டியைத் தொடாதீர்கள். முடக்கிய லைசென்ஸோடு ஓட்டுவது பல மாநிலங்களில் மூல டிக்கெட்டைவிடப் பன்மடங்கு பெரிய குற்றம்.

வேறு மாநிலத்தில் வாங்கிய டிக்கெட் என்றால் அது அங்கேயே கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளிமாநில விதிமீறுவோர் உடன்படிக்கையில் 44 மாநிலங்களும் கொலம்பியா மாவட்டமும் (தலைநகர் வாஷிங்டன்) சேர்ந்திருக்கின்றன. அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிச்சிகன், மொன்டானா, ஓரிகன், விஸ்கான்சின் ஆகிய ஆறும் சேரவில்லை. நீங்கள் பதில் சொல்லாவிட்டால் டிக்கெட் வழங்கிய மாநிலம் உங்கள் சொந்த மாநிலத்துக்குத் தெரிவிக்கும். அது உங்கள் லைசென்ஸை முடக்கும். டிக்கெட் வழங்கி ஆறு மாதம் கடந்தபின் இந்த உடன்படிக்கையின் கீழ் அறிக்கை அனுப்பக் கூடாது என்ற விதியும் உண்டு. அதை நம்பியும் இருக்க முடியாது. டிக்கெட் வழங்கிய மாநிலம் தன் எல்லைக்குள் உங்கள் ஓட்டும் உரிமையை முடக்கி, தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், புதிய லைசென்ஸ் கேட்கும்போதோ புதுப்பிக்கும்போதோ அது எதிரே வந்து நிற்கும்.

நான்காம் படி: தவறிய தேதியைச் சரிசெய்தல்

இங்கே வேகம்தான் முக்கியம், ஏனெனில் சில கதவுகள் சில நாட்களுக்கே திறந்திருக்கும். வர்ஜீனியாவில் நீங்கள் வராமலே சிறு விதிமீறலை விசாரித்துத் தீர்ப்பளித்துவிட முடியும். அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சர்க்யூட் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 10 நாட்கள் உண்டு. அங்கே வழக்கு முதலிலிருந்து புதிதாக விசாரிக்கப்படும் என்பதால் இது அருமையான வாய்ப்பு. அதுவும் போனால், தக்க காரணம் காட்டி வழக்கை மீண்டும் திறக்கக் கோர 60 நாட்கள் உண்டு. தேதி தவறி நான்காம் நாள் விழித்துக்கொண்டவருக்கும் நான்காம் மாதம் விழித்துக்கொண்டவருக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கலிஃபோர்னியாவில் தேதி தவறினாலோ அபராதம் கட்டாவிட்டாலோ கூடுதல் சிவில் அபராதம் விதிக்கலாம். முன்பு 300 டாலர் வரை இருந்த இது, 2022 ஜூலை முதல் 100 டாலராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இதை விதிக்கும் முன் கோர்ட் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அது அஞ்சலில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 20 நாட்கள் உங்களுக்குக் கிடைக்கும். அதற்குள் ஆஜராகித் தக்க காரணம் காட்டினால் இது நீங்கிவிடும். மருத்துவமனையில் இருந்தது, நாட்டுக்கு வெளியே இருந்தது போன்றவற்றுக்கு விமானச் சீட்டு, மருத்துவமனைத் தாள் என்று எதையாவது கையோடு கொண்டுபோங்கள். வாய்ச்சொல்லைவிடத் தாளுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

வாரண்ட் இருந்தால் அதைத் திரும்பப் பெறும்படி விண்ணப்பிக்க வேண்டும். பல நீதிமன்றங்களில் முன்பதிவு இல்லாமல் வந்து நீதிபதியைப் பார்க்கும் நேரங்கள் உண்டு. அதை எழுத்தரிடம் கேட்டு அறியுங்கள். தாமாகவே வந்து நிற்பவரைக் கோர்ட் பார்க்கும் விதமும், சாலையில் பிடிபட்டு வருபவரைப் பார்க்கும் விதமும் ஒன்றல்ல. டெக்சஸ் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: அபராத வழக்குகளில், வாரண்ட் நிறைவேறும் முன் ஒருவர் தாமாக ஆஜராகித் தீர்த்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு முயன்றால் நீதிபதி வாரண்டைத் திரும்பப் பெற வேண்டும். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான மிஸ்டிமீனர் வழக்குகளில் உங்களுக்குப் பதிலாக வழக்கறிஞரே ஆஜராகலாம். ஊரைவிட்டு வெகுதூரம் போய்விட்டவர்களுக்கு இது பெரும் உதவி. சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றச்சாட்டு என்றால், முதல் முறை ஆஜராகும் முன்பே வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் செலவழிப்பது வீண் செலவாகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், குறிப்பாகப் பெற்றோரின் பெயரில் டிக்கெட் இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் நீதிமன்றங்கள் மொழி உதவி வழங்க 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி கடமைப்பட்டவை. பிள்ளையை அழைத்துச்சென்று அரைகுறையாகப் பேச வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: கட்ட முடியாத தொகையும் கட்டிய பின் வேலையும்

பணம் இல்லை என்பதற்காகவே கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. இது மிகத் தவறான முடிவு. பணமில்லாமல் வருபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, வராதவருக்கு இல்லை. 1971இல் டேட் எதிர் ஷார்ட் வழக்கில், 425 டாலர் டிராஃபிக் அபராதம் கட்ட இயலாத டெக்சஸ்காரர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1983இல் பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில், கட்டும் சக்தி இருந்ததா என்று விசாரிக்காமல் அபராத நிலுவைக்காக ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்றது. நியூயார்க்கில் தவணை கேட்டால், மாதத் தவணை உங்கள் நிகர மாத வருமானத்தில் 2 சதவீதம் அல்லது 25 டாலர், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் போகாது. கலிஃபோர்னியாவில் மைசைட்டேஷன்ஸ் என்ற இணையச் சேவை வழியாக அபராதக் குறைப்போ தவணையோ சமூகச் சேவையோ கேட்கலாம்.

பணம் கட்டாததற்காக மட்டும் லைசென்ஸை முடக்குவதை 2017இல் கலிஃபோர்னியாவும், 2021இல் நியூயார்க்கும் நிறுத்தின, வர்ஜீனியாவும் நிறுத்திவிட்டது. ஆனால் பதில் சொல்லாமல் இருப்பதற்கு நியூயார்க்கில் முடக்கம் இன்றும் உண்டு. கட்டாமல் இருப்பதும் வராமல் இருப்பதும் சட்டத்தின் பார்வையில் இரண்டு வேறு செயல்கள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். டெக்சஸில் இரண்டில் எதைச் செய்தாலும் லைசென்ஸைப் புதுப்பிக்கத் தடை விழலாம்.

பார்க்கிங் டிக்கெட் தனி உலகம். நியூயார்க் நகரில் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அபராதம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் தீர்ப்புக் கடனாகி, எட்டு ஆண்டுகள் வசூலிக்கத்தக்கதாக நிற்கும். அப்படிச் சேர்ந்த கடன் 350 டாலரைத் தாண்டினால் வண்டியின் சக்கரத்தைப் பூட்டவோ இழுத்துப்போகவோ முடியும்.

பழைய டிக்கெட் பாக்கி இருக்கிறது, உடனே இந்த இணைப்பில் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொடாதீர்கள். 2024 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. இத்தகைய போலிச் சுங்கக் கட்டணச் செய்திகளைப் பற்றி எச்சரித்தது. அதன்பின் மோட்டார் வாகனத் துறையின் பெயரிலும் அவை வரத் தொடங்கின. நீதிமன்றத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

வழக்கு முடிந்ததும் கோர்ட் தானாக மோட்டார் வாகனத் துறைக்குச் சொல்லிவிடும் என்று விட்டுவிடாமல், இரண்டு மூன்று வாரம் கழித்து ஓட்டுநர் பதிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். முடக்கத்தை நீக்கத் தனிக் கட்டணம் கேட்கும் மாநிலங்கள் உண்டு. வீடு மாறினால் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 10 நாட்களுக்குள்ளும், டெக்சஸில் 30 நாட்களுக்குள்ளும் லைசென்ஸ் முகவரியை மாற்ற வேண்டும். குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர்.-11 படிவத்தின் வழியாக 10 நாட்களுக்குள் தெரிவிப்பது இதிலிருந்து வேறான கடமை. கோர்ட் எச்சரிக்கைகள் எல்லாம் அஞ்சலில்தான் வரும். பழைய வீட்டுக்குப் போன கடிதம் தமக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லும் பலரிடம், முகவரியை மாற்றினீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கடைசியாக, வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் முத்திரையிட்ட தீர்வுச் சான்றைக் கோர்ட்டிலிருந்து வாங்கி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். குடியுரிமைக்கான என்-400 படிவம், கைது மட்டுமல்லாது டிக்கெட் பெற்றதையும் உள்ளடக்கிய கேள்வியைக் கேட்கிறது. மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்படாத, கைது இல்லாத, 500 டாலருக்குக் குறைந்த அபராதம் அல்லது புள்ளிகளோடு முடிந்த டிராஃபிக் நிகழ்வுக்கு ஆவணம் இணைக்கத் தேவையில்லை என்று அதன் அறிவுரைகள் கூறுகின்றன; ஆயினும் கேள்விக்கு உண்மையான பதில் எழுத வேண்டும். ஆஜராகாத குற்றச்சாட்டோ வாரண்டோ ஒருமுறை வந்திருந்தால், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சிறு வழக்குகளின் கோப்புகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடும் நீதிமன்றங்கள் உண்டு. கோப்பு அழிந்திருந்தால், பதிவு இல்லை என்று அதே எழுத்தர் அலுவலகத்திலிருந்து முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.